மரைக்காயரும் வண்ணக்கரும்: திருக்கோணமலைக் கரையோரத் தொழிற்பெயர்கள் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு மனிதனின் பெயர் அவனைச் சுட்டுவதற்கே ஏற்பட்டது. ஆயினும் சில பெயர்கள் சுட்டுவதோடு அமையாமல் வருணிக்கவும் செய்கின்றன. அவன் செய்த தொழிலையோ, அவனுடைய உடலமைப்பையோ, அவன் வந்த ஊரையோ அவை சொல்லி நிற்கின்றன. காலப்போக்கில் தொழில் மறைந்துவிடுகின்றது. பெயர் மட்டும் எஞ்சுகின்றது. எஞ்சிய பெயரை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள முடியுமா, முடியுமாயின் எந்த அளவுக்கு என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும். இதற்கு விடை காண்பதற்குத் திருக்கோணமலைத் துறைமுகத்தையும் கொட்டியாரக் குடாவையும் சூழ்ந்த கரையோரத்தில் வழங்கும் இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று மரைக்காயர், மற்றையது வண்ணக்கர். ஒப்பீட்டுக்காக, வருணனைப் பெயர்கள் சட்டத்தின் ஆணையாற் குடும்பப் பெயர்களாக மாறிய துருக்கி நாட்டின் அனுபவத்தையும் இடையிடையே நோக்குவோம்.

தமிழிலே வருணனைப் பெயர்கள் மிகப் பழையன. தொல்காப்பியர் பெயரியலில் மக்களைக் குறிக்கும் பெயர்களை வகுக்குமிடத்து நிலம், குடி, குழு, வினை, உடைமை, பண்பு முதலியவற்றை அடிப்படைகளாகக் கொள்கின்றார். சங்கப் புலவர் பெயர்கள் இவ்வகுப்புக்கு இலக்கியமாக அமைகின்றன. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் பொன்வேலை செய்தவர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஐயூர் முடவனார் என்னும் பெயர்கள் உடற்குறையைச் சுட்டுகின்றன. இப்பெயர்களைத் தாங்கியவர்கள் அவற்றை இழிவாகக் கருதியதாகத் தெரியவில்லை. ஆனால் இங்கு ஒரு கூறினை ஊன்றி நோக்குதல் வேண்டும். இவை ஒருவரோடு தொடங்கி அவரோடு முடிபவை. அறுவை வாணிகனின் பேரன் அறுவை விற்காவிடின் அப்பெயர் அவனுக்கு உரியதாகாது. வருணனை உண்மையாக இருக்கும் வரைதான் பெயரும் உண்மையாக இருந்தது.

துருக்கியிலும் 1934ஆம் ஆண்டு வரை நிலைமை ஏறத்தாழ இதுவே. உதுமானியப் பேரரசின் முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர்க்குச் சட்டரீதியான குடும்பப் பெயர் இருக்கவில்லை. இயற்பெயரோடு தந்தை பெயர், ஊர்ப்பெயர், தொழிற்பெயர், பட்டப்பெயர் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்து ஆளை அடையாளம் காட்டிற்று. இரும்படிப்பவன் தெமிர்ஜி, கப்பலோட்டி கெமிஜி, நெடியவன் உசூன், கால் ஊனமுற்றவன் தொப்பால். ‘தெமிர்’ என்பது இரும்பு, ‘கெமி’ என்பது கப்பல். ‘ஜி’ என்னும் விகுதி தமிழின் ‘காரன்’ என்பதற்கு நிகரானது. முடமோசியாரும் தொப்பாலும் ஒரே பெயரிடு முறையின் இரு வெளிப்பாடுகள் எனலாம். 1513இல் உலகப் படமொன்றை வரைந்த புகழ்பெற்ற கடலோடி பிரி ரெயிஸின் பெயரில் உள்ள ‘ரெயிஸ்’ என்பதும் கப்பற்றலைவன் என்னும் பொருள் தரும் பதவிப்பெயரேயன்றிக் குடும்பப் பெயரன்று.

1934ஆம் ஆண்டு யூன் 21ஆம் நாள் நிறைவேற்றப்பட்ட குடும்பப் பெயர்ச் சட்டம் இம்முறையை ஒரேயடியாக மாற்றியது. 1935 சனவரியில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், குடும்பப் பெயர் இல்லாதோர் இரண்டாண்டுக்குள் ஒன்றைத் தெரிந்து பதிவு செய்தல் வேண்டும் என விதித்தது. தெரிவு செய்யும் உரிமை குடும்பத்தின் தலைவன் என்ற வகையிற் கணவனுக்கே அளிக்கப்பட்டது. பதவி, தரம், குலக்குழு, அந்நிய இனம் ஆகியவற்றைக் குறிக்கும் பெயர்கள் விலக்கப்பட்டன. நகைப்புக்கிடமான பெயர்களும் விலக்கப்பட்டன. முஸ்தபா கெமாலுக்கு ‘அத்தாதுர்க்’ என்னும் பெயர் அதே ஆண்டு நவம்பரில் தனிச்சட்டத்தால் வழங்கப்பட்டது. அவருடைய தோழர் இஸ்மெத், தாம் 1921இற் போரிட்ட இனொனு என்னும் இடத்தின் பெயரைப் பெற்றார். சாதாரண மக்களோ தம் தொழிலையும் தோற்றத்தையும் ஊரையும் பெயராகப் பதிந்தனர். பலருக்குப் பதிவாளர்களே பெயரிட்டனர். நிலமானிய மரபின் பட்டங்கள் ஒழிந்தமையும், வரி, கல்வி, படைச்சேவை ஆகியவற்றின் நிருவாகம் எளிதானமையும் இதன் முற்போக்கான பக்கம். ஆனால் ஆர்மீனியர், கிரேக்கர், குர்தியர் முதலியோரின் மரபுப் பெயர்களும் விகுதிகளும் இதே நடவடிக்கையால் நெருக்கப்பட்டன. பெயரை ஒழுங்குபடுத்திய அரசு, யார் இந்நாட்டவர் என்பதையும் அதே ஏட்டில் வரையறுத்தது.

இனி, நமது கரைக்கு வருவோம். திருக்கோணமலைத் துறைமுகம் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. அதன் தெற்கே விரியும் கொட்டியாரக் குடா கண்டி இராச்சியத்தின் கீழைக் கடல்வாயில்களுள் ஒன்றாக விளங்கியது. புயலில் முறிந்த பாய்மரத்தைச் செப்பனிட இக்குடாவிற்கு வந்த ஆங்கிலக் கப்பலொன்றைச் சேர்ந்த றொபேட் நொக்சும் அவர் தந்தையும் 1660இல் இங்கேதான் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். போர்த்துக்கேயர் 1624இல் இங்கு கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் 1639இல் அதனைக் கைப்பற்றினர். பிரித்தானியர் 1795இல் வந்தனர். அவர்களுடைய கடற்படைத் தளம் 1957இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. இவ்வாறு ஆட்சியாளர் மாறி மாறி வந்த காலமெல்லாம் கரையிலிருந்து கரைக்குப் பொருளேற்றிச் சென்றவை தோணிகளும் வத்தைகளுமே. அவற்றை ஓட்டியவர்களின் பெயர்கள் கோட்டைகளின் வரலாற்றில் இடம்பெறவில்லை. அவர்களது தொழில் மட்டும் ஒரு சொல்லிற் படிந்து கிடக்கின்றது. அச்சொல்லே மரைக்காயர் என்பது.

இச்சொல்லின் பிறப்புப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ‘மரக்கலராயர்’ என்னும் தொடர் மரக்காயர் எனச் சுருங்கிப் பின் மரைக்காயர் ஆயிற்று என்பது ஒரு கருத்து. மரக்கலத்தின் தலைவர் என்பது அதன் பொருளாகும். கப்பலைக் குறிக்கும் ‘மர்க்கப்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பது மற்றொரு கருத்து. இரண்டாவது கருத்தை ஏற்பின் இறுதிப் பகரம் எவ்வாறு தடயமின்றி மறைந்தது என்பதை விளக்குதல் வேண்டும். முதற் கருத்துக்குச் சிங்கள மொழி வலுவூட்டுகின்றது. சிங்களப் பேச்சு வழக்கிற் சோனகரைக் குறிக்கும் ‘மரக்கல’ என்னும் சொல், தமிழ் மரக்கலத்தை ஏறத்தாழ முழுமையாகவே பேணி நிற்கின்றது. மலையாளத்தில் மரக்கார் என்பது வழக்கு. மூன்று மொழிகளையும் ஒருங்கு நோக்குமிடத்து மரக்கலத்தோடு கொண்ட தொடர்பே பொருத்தமாகத் தோன்றுகின்றது. எக்கருத்தை ஏற்பினும் பொருள் கப்பலைச் சுற்றியே அமைகின்றது என்பது குறிப்பிடத்தக்கது. துருக்கிய மொழியின் கெமிஜியும் ரெயிஸும் எத்தொழிலைக் குறித்தனவோ அதனையே இதுவும் குறித்தது.

இத்தொழிற்பெயர் விரைவிலேயே குடிப்பெயராகவும் பட்டமாகவும் வளர்ந்தது. கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கடற்படையை நடத்திய குஞ்ஞாலி மரைக்காயர்கள் பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயரை எதிர்த்து நின்றனர். சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னைக்கு உதவ இலங்கை நோக்கிப் புறப்பட்ட பட்டு மரைக்காயரின் கடற்படை 1538இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில் முறியடிக்கப்பட்டது. நான்காம் குஞ்ஞாலி 1600இற் கோவாவிற் கொல்லப்பட்டார். கீழக்கரையில் வாழ்ந்த பெருவணிகரும், உமறுப்புலவரை ஆதரித்தவருமாகிய சீதக்காதி, பெரியதம்பி மரைக்காயர் என்னும் பெயருடையவர். மலபாரிலிருந்து சோழமண்டலக் கரை வழியாக ஈழத்தின் கரைகள் வரை இப்பெயர் பரவியிருந்தமை, இக்கடற்பரப்பு முழுவதும் ஒரே வணிக வலையமாக இயங்கியமையைக் காட்டுகின்றது. அவ்வலையத்தின் மொழியும் கலப்புமொழியே. தமிழ் மீகாமனுக்கு மறுபெயராகிய மாலுமி, ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. சுக்கான் என்பதும் அரபுவழி வந்ததே. தமிழ்க் கலம் சிங்களத்துக்குச் சென்றது. அரபுச் சுக்கான் தமிழுக்கு வந்தது. கடலிற் சொற்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இம்மக்களுக்குப் பிறர் இட்ட பெயர்கள் வேறு கதை கூறுகின்றன. அவற்றுள் மூன்றை இங்கு நோக்குவோம். முதலாவது, சோனகர். கிரேக்கரைக் குறித்த யவன, யோனக என்னும் சொற்களின் வழிவந்த இது, மேற்கிலிருந்து கடல்வழி வந்தோர்க்கெல்லாம் பொதுப்பெயராகி, ஈற்றில் அராபியரையும் அவர் வழியினரையும் குறித்தது. இரண்டாவது, மூர். வட ஆபிரிக்காவின் மேற்கு மூலையில் வாழ்ந்தவர்களைக் குறித்த ஐபீரியப் பெயரைப் போர்த்துக்கேயர் இங்கு கொணர்ந்து, தாம் கண்ட முஸ்லிம்கள் அனைவர்க்கும் சூட்டினர். மூன்றாவது, துலுக்கர். வடமொழியின் துருஷ்க என்பது தமிழில் துருக்கர் என்றும் துலுக்கர் என்றும் வழங்கியது. பதினான்காம் நூற்றாண்டில் தில்லிச் சுல்தான்களின் படைகள் தெற்கே வந்த பின்னர், துருக்கியரோடு எவ்விதத் தொடர்புமில்லாத தமிழ் முஸ்லிமையும் இச்சொல் குறிக்கலாயிற்று. இன்று அது பெரும்பாலும் இழிவுக் குறிப்போடு வழங்குகின்றது. 1934இல் அங்காராவில் ஒரு நாட்டின் தலைவருக்கு அளிக்கப்பட்ட மிக உயர்ந்த பெயரின் உள்ளே நிற்கும் அதே சொல், நம்மிடையே ஒருவரை ஒதுக்குவதற்குப் பயன்பட்டமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

கிரேக்கர், மொறொக்கோவர், துருக்கியர் என மூன்று அந்நிய இனங்களின் பெயர்கள் ஒரே மக்கட்கூட்டத்தின்மீது ஏற்றப்பட்டன. மூன்றும் அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று வினவுகின்றன. மூன்றும் தவறான விடையைத் தருகின்றன. மரைக்காயர் என்னும் பெயர் ஒன்றே அவர்கள் என்ன செய்தார்கள் என்று கூறுகின்றது. பிறப்பிடம் பற்றிய பெயருக்கும் உழைப்புப் பற்றிய பெயருக்கும் உள்ள இவ்வேறுபாடு சாதாரணமானதன்று. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் வெளியான தமது கட்டுரையில் இலங்கைச் சோனகர் இனவழியால் தமிழரே என வாதிட்டார். ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907இல் அதனை மறுத்து அராபியத் தொடர்பை வலியுறுத்தினார். சட்டநிரூபண சபையிற் பிரதிநிதித்துவம் யாருக்கு என்னும் அரசியல் வினா இவ்விவாதத்தின் பின்னணியில் நின்றது. இருவரும் எழுப்பியது இரத்தவழி பற்றிய வினா. கரையில் வாழ்ந்தவர்களின் பெயரோ தொழில்வழி நின்றது. அவ்வழியே நோக்கியிருப்பின், ஒரே மொழியைப் பேசி ஒரே கடலிற் பிழைத்த இரு சமூகங்களின் உறவை, எவரையும் எவருக்குள்ளும் கரைத்துவிடாமல் விளக்கியிருக்க முடியும்.

இனி, வண்ணக்கர் என்னும் சொல்லை நோக்குவோம். வண்ணக்கன் என்பது பழந்தமிழில் நாணயங்களின் மாற்றுப் பார்ப்பவனைக் குறித்தது. வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் முதலிய சங்கப் புலவர்கள் இத்தொழிற்பெயரைத் தாங்கியவர்கள். தமிழகத்தில் வழக்கிறந்துபோன இச்சொல், கிழக்கிலங்கையில் இந்துக் கோயில்களின் பொறுப்பாளரைக் குறிக்கும் பதவிப்பெயராக இன்றும் உயிர்வாழ்கின்றது. கோயிலின் பொன்னையும் காசையும் கையேற்றுக் கணக்கு வைப்பவன் காசின் தரம் அறிந்தவனாக இருத்தல் இயல்பே. ஆதலின் நாணயம் நோக்கியவனின் பெயர் கோயில் நிருவாகிக்கு ஆகிவந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

இதற்கு இணையாக, அதே கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில் பள்ளிவாசலின் பொறுப்பாளர் மரைக்காயர் அல்லது மரைக்கார் என அழைக்கப்படுகின்றார். தாய்வழிக் குடிமுறை வலுவாக உள்ள மட்டக்களப்புப் பகுதியில் குடிக்கு ஒருவராகப் பள்ளிவாசல் நிருவாகத்தில் மரைக்காயர் அமர்வதும், குடிவழியே வண்ணக்கர் கோயிற் பொறுப்பில் அமர்வதும் ஆய்வாளர் பலராற் குறிப்பிடப்பட்டுள்ளன. வெருகல் ஆற்றின் இரு கரைகளும் உறவாலும் வணிகத்தாலும் வழிபாட்டாலும் பிணைக்கப்பட்டவையாதலின் கொட்டியாரப் பகுதியை இம்மரபிலிருந்து தனித்து நோக்குதல் இயலாது. கப்பலைச் செலுத்தியவன் பள்ளிவாசலையும், காசைச் சோதித்தவன் கோயிலையும் பொறுப்பேற்ற இவ்விரு மாற்றங்களும் தம்முள் ஒத்தவை. பிறருடைய உயிரையும் பொருளையும் ஒருவன் கையில் ஒப்படைப்பதற்கு அவனிடத்தில் நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கை தொழிலாற் பெறப்பட்டது. பின்னர் சமூகப் பொறுப்பாக மாறியது. இரு சமயத்தவரும் தத்தம் பொதுச்சொத்தின் காவலனுக்கு வேதத்திலிருந்தோ ஆகமத்திலிருந்தோ பெயர் எடுக்கவில்லை. துறைமுகத்திலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் எடுத்தனர். துருக்கியின் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதவியைக் குறிக்கும் பெயர்களாதலின் இவை இரண்டும் விலக்கப்பட்டிருக்கும் என்பது சிந்திக்கத்தக்கது.

எனினும் தொழிற்பெயர்களைப் பொற்காலத்தின் எச்சங்களாகப் போற்றுவது வரலாற்றுணர்வு ஆகாது. தொழில் பிறப்போடு பிணைக்கப்படும்போது பெயரே தளையாகின்றது. கவிராச வரோதயர் இயற்றியதாகக் கூறப்படும் கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டு மன்னன் கோணேசர் கோயிலுக்கெனத் தானத்தார், வரிப்பத்தார் முதலியோரைக் குடியேற்றிப் பணிகளை வகுத்தான் என்று கூறுகின்றது. தானத்தார் என்பது கோயிற் தானத்துக்கு உரியோர் என்னும் வருணனையே. அந்நூல் வன்னிமைக்கு அமர்த்தப்பட்டவனாகக் கூறும் தனியுண்ணாப் பூபாலனின் பெயரும் தனித்து உண்ணாதவன் என்னும் பண்பை வருணிப்பதே. ஆனால் ஆள்பவனுக்குக் கிடைத்த வருணனை விருந்தோம்பலைப் பாட, ஏவல் செய்தோர்க்குக் கிடைத்த வருணனை அவர்தம் சந்ததியும் அப்பணியையே செய்தல் வேண்டும் என விதித்தது. மரைக்காயர் என்னும் பட்டமும் தமிழகக் கரையூர்களில் செல்வரை ஏனைய முஸ்லிம்களிலிருந்து பிரித்துக் காட்டும் வேலியாகப் பயன்பட்டதுண்டு. 1929இற் செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு அறைகூவியமைக்கு இதுவே காரணம். துருக்கியச் சட்டம் மேலிருந்து செய்ததை அவ்வியக்கம் கீழிருந்து செய்ய முற்பட்டது. ஒன்று பெயரைச் சுமத்தியது. மற்றையது பெயரின் சுமையை இறக்கியது.

இவ்வாராய்ச்சி பழஞ்சொற்களைப் பற்றியது மட்டுமன்று. 1983க்குப் பின்னர் ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் கனடா, பிரித்தானியா, நோர்வே முதலிய நாடுகளுக்குச் சென்றபோது, அந்நாடுகளின் படிவங்கள் குடும்பப் பெயரைக் கேட்டன. குடும்பப் பெயர் இல்லாத மக்கள் தந்தையின் இயற்பெயரை அக்கட்டத்தில் எழுதினர். ஒரு தலைமுறைக்குரிய பெயர் இவ்வாறு என்றைக்குமுரிய பெயராக உறைந்தது. 1935இல் அனத்தோலியக் கிராமத்தவன் பதிவாளர் முன் நின்ற நிலையும் இதுவும் வேறல்ல. கிழக்குக் கரையைச் சேர்ந்தோர்க்கு இதில் இன்னோர் இழப்பும் உண்டு. அவர்தம் குடி தாய்வழி வருவது; படிவம் கேட்பதோ தந்தைவழிப் பெயர். எனவே தாயின் குடி ஏட்டில் ஏறாமலே மறைகின்றது.

திருக்கோணமலையில் எஞ்சியோர் நிலையும் எண்ணத்தக்கது. போர்க்காலத்தில் இம்மாவட்டத்தின் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தனர். 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை கரையூர்களை அழித்தது. 2006 ஓகத்தில் மூதூர் மக்கள் போரினால் ஊரைவிட்டு ஓடினர். இத்தகைய அழிவுகளில் ஏடுகளும் உறுதிகளும் மறைகின்றன. மக்களை எண்ணும் கணக்கில் எஞ்சுவது இனப்பெயர் மட்டுமே. அவ்வினப்பெயரை முன்வைத்தே காணியும் கடலும் வாக்கும் பங்கிடப்படுகின்றன. அண்டை ஊரவர் ஒருவரையொருவர் எங்கிருந்து வந்தாய் என்று கேட்கத் தொடங்கியதன் விலையை இக்கரை அறியும்.

எனவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கூறலாம். தொழிற்பெயர் இரத்தவழியைக் காட்டும் சான்றன்று. அவ்வாறு கொள்வோர் ஏமாறுவர். மரைக்காயர் என்ற பெயருடையவன் அராபியன் என்றோ தமிழன் என்றோ அப்பெயரைக் கொண்டு நிறுவ முடியாது. ஆனால் உழைப்புக்கும் உறவுக்கும் நம்பிக்கைக்கும் அது நேரடியான சான்று. மரக்கலம் ஓட்டியவனுக்கும் காசு நோக்கியவனுக்கும் இடையே ஒரு காலத்தில் நடந்த கொடுக்கல் வாங்கலின் பதிவேடு வேறெங்கும் இல்லை. அவ்விரு பெயர்களிலேயே உள்ளது. இன்றும் இக்கரையில் ஒரு பள்ளிவாசலின் பெட்டகச் சாவி மரைக்காயரிடத்திலும், ஒரு கோயிலின் பெட்டகச் சாவி வண்ணக்கரிடத்திலும் ஒப்படைக்கப்படும்போது அப்பதிவேடு மீண்டும் ஒருமுறை கையொப்பமிடப்படுகின்றது. அதனைப் படிக்கக் கற்றுக்கொள்வது வரலாற்று மாணவரின் கடமை மட்டுமன்று. இக்கரையில் இனியும் சேர்ந்து வாழ விரும்புவோர் அனைவரின் தேவையுமாகும்.